ட்ரை போட்டால் ஓடுகிறது, ஆனால் பிழை எங்கே என்று சொல்லமாட்டேன் என்கிறது

கேள்வி, 3 ஜூன் 2024

ஹாஸ்கெல் மொழி, அதில் பார்சர் (உரையைப் படித்துப் பிரித்தறியும் நிரல்) எழுத உதவும் மெகாபார்செக் நூலகம். எங்கள் குழுவுக்காக ஒரு சின்ன உள்ளமைவு மொழி எழுதுகிறேன். ஒவ்வொரு மாற்றுக் கிளைக்கும் முன்னால் ட்ரை (தோற்றால் படித்ததை விட்டுத் தொடக்கத்துக்கே திரும்பச் சொல்வது) போட்டால்தான் எல்லாம் ஓடுகிறது. ஆனால் 40ஆம் வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால், 38ஆம் வரியின் தொடக்கத்தைக் காட்டி "கோப்பின் முடிவு எதிர்பார்க்கப்பட்டது" என்கிறது. பார்சர் காம்பினேட்டர் (சின்னப் பார்சர்களை இணைத்துப் பெரியது கட்டும் இந்த முறை) என்றாலே பிழைச் செய்தி இவ்வளவுதான், உருப்படியாக வேண்டுமானால் கையால் எழுதும் பார்சர்தான் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். நிஜமா?

3 ஜூன், இரவு 10.40

பாதி நிஜம். அந்தப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ட்ரையை எடுங்கள், எல்லா இடத்திலிருந்தும். எடுத்த பிறகு எது உடைகிறதோ அங்கே மட்டும், முடிந்தவரை சின்னத் துண்டைச் சுற்றி மட்டும் திரும்பப் போடுங்கள். ஒரு முழு வாக்கியத்தைச் சுற்றி ட்ரை இருந்தால் உங்கள் 38ஆம் வரிக் கதைக்கு அதுவே காரணம்.

4 ஜூன், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் காரணம் சொல்லாமல் விட்டேன்.

மெகாபார்செக்குக்கு மூத்த நூலகமான பார்செக்கை டான் லெய்யனும் எரிக் மெய்யரும் 2001இல் எழுதி வெளியிட்டபோது அதன் அடியில் ஒரு சின்னக் கணக்கு இருந்தது. ஒரு பார்சர் ஓடி முடிந்ததும் இரண்டு விஷயம் தெரிகிறது: உள்ளீட்டில் கொஞ்சமாவது தின்றதா (அதாவது படித்து முன்னேறியதா), ஜெயித்ததா தோற்றதா. ஆக மொத்தம் நாலு முடிவு. `<|>` (இது இல்லையென்றால் அது என்று கிளைகளை இணைக்கும் குறி) அடுத்த கிளையை எட்டிப் பார்ப்பது இந்த நாலில் ஒன்றில் மட்டும்தான், அதாவது எதையும் தின்னாமல் தோற்றால். ஓரெழுத்து தின்றுவிட்டுத் தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும், பிழையும் அங்கேதான் சொல்லப்படும். மெகாபார்செக் அந்தக் குடும்பத்தில் வந்தது, அதனால் அதிலும் இதே கணக்கு.

வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு என்று பல பேர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். வேகமும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. "விதி" என்ற சொல்லைப் பார்சர் தின்றுவிட்டது என்றால், எழுதியவர் விதி எழுதத்தான் வந்தார் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எது தப்பினாலும் "உங்கள் விதியில் இந்த இடத்தில் இது குறைகிறது" என்று சொல்ல முடியும். ட்ரை அந்த அறிவைத் தூக்கி எறிகிறது. தின்றதைத் தின்னவே இல்லை என்று சாதிக்கிறது. அடுத்த கிளை, அதற்கடுத்த கிளை என்று எல்லாம் கைவிரித்த பிறகு, கடைசியில் மிஞ்சுகிறவர் பேசுகிறார். உங்களுக்குப் பேசியவர் கோப்பின் முடிவு.

ஒரு கிளை தன் வேலையை ஒப்புக்கொண்ட, அதாவது இனி பின்வாங்க மாட்டேன் என்று முடிவுகட்டிய இடம் எது என்பதை இலக்கணத்திலேயே எழுதியாக வேண்டும். நூலகம் அதை ஊகித்துச் சொல்லாது. பிழைச் செய்தியைப் பிறகு ஒட்டவைக்கலாம் என்று விடுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். நானும் மாட்டினேன். அதை இரவு எழுதுகிறேன்.

4 ஜூன், இரவு 9.15

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. சம்பளக் கணக்குக்கு நான் ஒரு சின்ன விதிமொழி எழுதிக் கொடுத்தேன். கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் 22 வருடமாகச் சம்பளம் போடுகிறவர், ஆலையின் ஒவ்வொரு படியும் பிடித்தமும் தலைக்குள் இருக்கிறது. அதனால் சொற்கள் எல்லாம் தமிழில் வைத்தேன்:

விதி இரவுப்படி:
  ஷிஃப்ட் = 3 எனில் படி = நாட்கூலி * 0.10

இப்படி நூற்றுச் சொச்சம் விதிகள், ஒரே கோப்பில். கோப்புக்கான பார்சரை நான் எழுதியது இப்படி: விதியைச் சுற்றி ஒரு ட்ரை, அதைச் சுற்றி "பல முறை", கடைசியில் "கோப்பு முடிவு". சரியான கோப்புகள் அனைத்தையும் அழகாகப் படித்தது. சோதனைகளும் பச்சை. தவறான கோப்புக்கு ஒரு சோதனைகூட எழுதவில்லை.

ஒரு மாதக் கடைசியில் அக்கா ஒரு விதியில் "எனில்" விட்டுவிட்டார். திரையில் வந்தது: வரி 61, நெடுவரிசை 1, எதிர்பாராத "வ", எதிர்பார்த்தது கோப்பின் முடிவு.

போன் செய்தார். "ஏனுங்க தம்பி, கோப்பு இங்க முடியோணும்னு சொல்லுதுங்க. முடிச்சுரட்டுங்களா?" நான் பேருந்தில் இருந்தேன். பாதி காதில் விழவில்லை. "என்ன சொல்லுதோ அப்படியே பண்ணுங்கக்கா, சாயங்காலம் பார்க்கிறேன்" என்றேன்.

அவர் 61ஆம் வரியிலிருந்து கீழே இருந்த விதிகள் அத்தனையையும் அழித்தார். கோப்பு முடியச் சொன்ன இடத்தில் முடிந்தது. பார்சர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. அந்த மாதம் இரவுப்படியும் வருகைப்படியும் இல்லாமல் சம்பளம் போனது. மூன்றாம் ஷிஃப்ட் பெண்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நிலுவை போட்டுக் கொடுக்க ஒன்பது நாளானது.

அக்கா செய்ததில் தப்பே இல்லை. செய்தி கேட்டதைச் செய்தார். அந்தச் செய்தியை எழுதியது நான், எழுதியது தெரியாமலே. அன்றிலிருந்து ஒரு பார்சரைப் பார்த்தால் என் முதல் கேள்வி, இது தவறான கோப்பிடம் என்ன பேசும் என்பதுதான்.

5 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பார்செக்கில் "பல முறை ட்ரை, பிறகு கோப்பு முடிவு" என்று எழுதினாலும் பிழை சரியான இடத்தில்தான் வருகிறது, நீங்கள் சொல்வது பொருந்தவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அவர் சொல்வது சரி.

பார்செக்கில் ட்ரை தோற்கும்போது உள்ளீட்டைத்தான் பின்னுக்கு இழுக்கிறது, பிழை தன் ஆழமான இடத்தை மறப்பதில்லை. "பல முறை" அந்தப் பிழையையும் கையோடு கொண்டுவந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கிறது. கோப்பு முடிவும் தோற்றதும் இரண்டு பிழையையும் ஒப்பிட்டு, எது தூரமாகப் போனதோ அதை வைத்துக்கொள்கிறது. ஆகவே "எனில்" விட்டுப்போன இடமே காட்டப்படும்.

மெகாபார்செக்கிலும் பிழைக்குத் தன் இடம் நினைவிருக்கிறது. ஆனால் தோற்ற கிளையிலிருந்து ஜெயித்த பாதைக்கு எதைக் கடத்துவது என்பதில் அது கறார். பிழை நடந்த இடமும் இப்போது நிற்கும் இடமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அதை ஒரு குறிப்புபோல எடுத்துப்போகும், இல்லையென்றால் விட்டுவிடும். ட்ரை பின்வாங்கிய பிறகு இரண்டும் ஒன்றாக இருக்காதே. அதனால் ஆழமான பிழை அங்கேயே தொலைகிறது, கோப்பு முடிவு தனியாக நின்று பேசுகிறது. மூல நிரலில் இதற்குக் குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள், தெரிந்தே செய்த முடிவு அது.

ஆக என் வாக்கியத்தை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: ட்ரை பிழையைக் கொல்லுவதில்லை. ட்ரைக்குப் பிறகு வேறொன்று ஜெயித்தால்தான் பிழை சாகிறது. "பல முறை" என்பது பூச்சியம் முறை நடந்தாலும் ஜெயிப்பதுதானே.

5 ஜூன், மதியம்

இன்னொரு ஜெயிப்பு, இது பார்செக்கையும் கவிழ்க்கும். முதல் கிளை சார்பு அழைப்பு, ட்ரையோடு. இரண்டாம் கிளை வெறும் பெயர். "தொகை(நாட்கூலி, )" என்று எழுதினால் முதல் கிளை அடைப்புக்குள் வரை போய்த் தோற்கும். இரண்டாம் கிளை "தொகை" என்ற பெயரைத் தின்று ஜெயித்துவிடும். தின்று ஜெயித்தவுடன் பழைய பிழை இரண்டு நூலகத்திலும் போய்விட்டது. அடுத்து வருபவர் "(" ஐப் பார்த்து, இங்கே கூட்டல் குறியோ வரி முடிவோ வரவேண்டும் என்பார். படிப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

இதற்கு மருந்து, பொதுவான தலையை வெளியே எடுப்பது. முதலில் பெயரைப் படியுங்கள். பிறகு "(" இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழைப்பு, இல்லையென்றால் வெறும் பெயர். ட்ரையே வேண்டாம். பள்ளியில் பொதுக் காரணியை வெளியே எடுத்த அதே வேலை. ஹாஸ்கெல் நிரலாளர் எட்வர்ட் யாங் 2014லேயே "ட்ரை ஏ அல்லது பி" என்ற வடிவம் கெடுதல் என்று விரிவாக எழுதியிருக்கிறார். படித்தபோது தலையாட்டினேன். என் நிரலில் அதே வடிவம் பதினோரு இடத்தில் இருந்தது.

6 ஜூன்

ரஸ்ட் மொழியில் "நாம்" (nom) என்ற பார்சர் நூலகத்தை வைத்திருப்பவருக்கு: உங்களுக்குக் கணக்கு தலைகீழ். அங்கே எல்லாக் கிளையும் இயல்பாகவே பின்வாங்கும், ட்ரை எங்கும் இருப்பதுபோல. நிறுத்த வேண்டிய இடத்தில் நீங்கள்தான் "கட்" போட வேண்டும். தோல்வியில் இரண்டு வகை இருக்கிறது, எரர் என்றால் அடுத்த கிளையைப் பார், ஃபெயிலியர் என்றால் இதோடு நில். கட் முதலாவதை இரண்டாவதாக மாற்றுகிறது. முன்சொல்லை ("விதி" மாதிரித் தொடக்கச் சொல்லை) படித்த அடுத்த நொடி கட், அவ்வளவுதான். நாமிலிருந்து பிரிந்த வின்னோவிலும் இது உண்டு, பெயர் சற்று வேறு.

ஒரு எச்சரிக்கை. கட் இல்லாமல் "ஆல்ட்" (நாமில் கிளைகளை வரிசையாக முயல்வது) மொத்தமும் தோற்றால், இயல்பான பிழை வகையில் கடைசிக் கிளையின் பிழைதான் மிஞ்சும். எது தூரம் போனது என்ற ஒப்பீடே கிடையாது. கிளைகளின் வரிசையை மாற்றினால் செய்தி மாறும். ஒருநாள் முழுக்க "ஏன் எப்போதும் தேதி தப்பு என்கிறது" என்று நான் தேடியதற்குக் காரணம், தேதியைக் கடைசியில் எழுதியிருந்தேன்.

6 ஜூன், இரவு

அட்டோபார்செக் என்ற இன்னொரு ஹாஸ்கெல் பார்சர் நூலகம் பற்றிக் கேட்டவருக்கு: பிணைய நெறிமுறை, பதிவுக் கோப்பு மாதிரி இயந்திரம் எழுதி இயந்திரம் படிக்கிற விஷயத்துக்கு அது அருமை. எப்போதும் பின்வாங்கும், வேகம், பிழைச் செய்தி மெலிவு. மனிதர் கையால் எழுதும் கோப்புக்கு வேண்டாம்.

8 ஜூன்

லேபிள், அதாவது பிழைச் செய்தியில் வருவதற்காகப் பார்சருக்கு வைக்கும் பெயர் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

`<?>` போட்டு "எண்" என்று பெயர் வைத்தால், "இலக்கம் அல்லது கழித்தல் குறி அல்லது புள்ளி எதிர்பார்க்கப்பட்டது" என்பதற்குப் பதில் "எண் எதிர்பார்க்கப்பட்டது" என்று வரும். பார்சர் எதையும் தின்னாமல் தோற்றால்தான் லேபிள் செல்லும். உள்ளே போன பிறகு உள்ளே இருப்பவர் பேசுவார், அதுதான் சரி.

எந்த உயரத்தில் பெயர் வைப்பது என்பதுதான் கஷ்டம். நான் ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் மேலே "வாக்கியம்" என்று வைத்தேன். "வாக்கியம் எதிர்பார்க்கப்பட்டது." அக்கா கேட்டார்: "நானும் வாக்கியந்தானுங்க எழுதியிருக்கேன்?" பிறகு எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டேன். அப்போது இடைவெளி, தத்தல் (டேப்), குறிப்புரைத் தொடக்கம், வரி முடிவு என்று ஒன்பது பொருள் வரிசையாக வந்தது. இடைவெளியைப் படிக்கும் பார்சரைப் பட்டியலில் வராமல் மறைக்க வேண்டும். மெகாபார்செக்கில் அதற்கு "ஹிட்டன்" இருக்கிறது, பார்செக்கில் வெற்று லேபிள் போடுவார்கள். அதைச் செய்ததும் ஒன்பது மூன்றாகக் குறைந்தது.

இப்போது என் வழக்கம்: அக்கா போனில் எந்தச் சொல்லைச் சொல்வாரோ அதுதான் லேபிள். "கோவை" (கணக்குத் தொடருக்கான கலைச்சொல்) இல்லை, "கணிப்புத் தொடர்" இல்லை. "ஒரு தொகையோ கூலியின் பெயரோ வரவேண்டும்."

9 ஜூன், ஞாயிறு

விஷயம் விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். ஆனால் தமிழில் ஏதாவது படிக்கப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் என்றால் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்து என்று எழுதினேன். "கூலி" என்று கொடுத்தேன். "க" மட்டும் படித்துவிட்டு நின்றது. பிழைச் செய்தியில் எதிர்பாராத எழுத்து என்று ஒரு வெறும் புள்ளி வட்டமும் அதன் அருகே ஊகாரக் குறியும். ஹாஸ்கெலின் எழுத்துச் சோதனைக்கு உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தே இல்லை, அவை யூனிகோடில் குறிகள் என்ற வகையில் இருக்கின்றன. ரஸ்டில் பார்த்தால் இன்னும் விசித்திரம். அங்கே உயிர்க்குறிகள் எழுத்தாக ஏற்கப்படுகின்றன, புள்ளி மட்டும் வெளியே. "கூலி" தேறும், "பணம்" என்பதில் "பணம" வரை வந்து நிற்கும். அடையாளப் பெயர்களுக்கென்று யூனிகோடின் 31ஆம் இணைப்பு வகுத்திருக்கும் தொடக்க, தொடர்ச்சிப் பண்புகளைப் பயன்படுத்துங்கள். அதில் புள்ளிக்கும் இடமுண்டு.

அடுத்தது, பிழை இருக்கும் இடத்துக்குக் கீழே வரையும் சுட்டும் குறி. "கூலி" நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கோட்பாயின்ட்டில் (யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கொடுக்கும் எண்) நாலு. யூடிஎஃப்-8இல் 12 பைட். கோட்பாயின்ட்டை எண்ணிச் சுட்டினால் வரி நீள நீளக் குறி வலப்பக்கம் தள்ளிப்போகும். நாமில் பைட்டை எண்ணி நீங்களே வரைந்தால் வரியையே தாண்டிப்போகும். எழுத்துக் கொத்துகளாகப் பிரித்து எண்ணினால் கிட்டத்தட்ட சரியாகும். கிட்டத்தட்டதான், ஏனென்றால் "ணௌ"வும் "ர"வும் ஒரே அகலமில்லை. நான் குறியை விட்டுவிட்டுத் தவறான சொல்லையே செய்திக்குள் மேற்கோளில் போடுகிறேன். அக்காவுக்கு அதுதான் வசதி, தேடுபெட்டியில் ஒட்டித் தேடிவிடுகிறார்.

9 ஜூன், மாலை

காலையில் மறந்தது. என் வாழ்நாளில் பார்த்த மிக மோசமான பிழைச் செய்தி இது:

எதிர்பாராத "தொகை", எதிர்பார்த்தது "தொகை".

ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. வேறொரு விசைப்பலகையில் தட்டிய பழைய ஆவணத்திலிருந்து அக்கா ஒட்டியிருந்தார். பார்சருக்குள் விடும் முன்பே முழு உரையையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினால் இது தீர்ந்துவிடும். ஆனால் மாற்றியதில் நீளம் குறைந்துவிடுவதால் பிழை காட்டும் இடம் மூலக் கோப்போடு பொருந்தாது. மாற்றிய உரையையே திரையிலும் காட்டுங்கள்.

தீராதது ஒன்று உண்டு. "பௌர்ணமி விடுமுறை" என்று ஒரு விதி. ஔகாரக் குறி போட வேண்டிய இடத்தில் எகரக் குறியும் "ள" என்ற எழுத்தும் தட்டுகிறவர்கள் ஏராளம். அது நிஜமாகவே வேறு எழுத்துக்கோவை, என்எஃப்சி அதைத் தொடாது. பெயர் கிடைக்காதபோது மட்டும் அந்த மாற்றத்தைச் செய்து தேடி, கிடைத்தால் "இதைச் சொல்கிறீர்களா" என்று கேட்கும்படி எழுதியிருக்கிறேன். தானாகத் திருத்தவில்லை. "வெள்ளி" என்பதையும் கெடுத்துவிடும்.

12 ஜூன்

மீட்பு. முதல் பிழையோடு நிற்காமல் எல்லாப் பிழையையும் ஒரே ஓட்டத்தில் சொல்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

மெகாபார்செக்கில் "வித்ரெகவரி" இருக்கிறது. விதிப் பார்சர் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்று இன்னொரு பார்சரைக் கொடுக்கிறோம். என்னுடையது, வரியின் தொடக்கத்தில் அடுத்த "விதி" என்ற சொல் வரும்வரை எல்லாவற்றையும் தாண்டுகிறது. பிடித்த பிழையைப் பதிவுசெய்துவிட்டுத் தொடர்கிறது, கடைசியில் மொத்தமாக அச்சிடுகிறது. ரஸ்டில் சம்ஸ்கி என்ற பார்சர் நூலகம் இதைத் தன் அடிப்படையாகவே வைத்திருக்கிறது, அடைப்புக் குறிகளைக் கணக்கில் வைத்துத் தாண்டும் உத்தி உட்பட.

எதில் தாண்டி நிற்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் வரி முடிவு வரை தாண்டினேன். தவறு விதியின் முதல் வரியில் இருந்தால் மீதி இரண்டு வரியும் அநாதையாக நின்று, ஒரு பிழைக்கு மூன்று பிழை வந்தது. முதலாவது மட்டும் உண்மை, மற்றவை அதன் நிழல். அக்கா மூன்றையும் திருத்தப் போய் நல்ல வரிகளைக் கெடுத்தார். ஒரு பொய்ப்பிழை சொல்வதைவிட இரண்டு உண்மைப் பிழையை விட்டுவிடலாம் என்பது என் நிலைப்பாடு. சந்தேகமிருந்தால் அதிகமாகத் தாண்டுங்கள்.

மீட்பு வைத்துவிட்டு ட்ரையையும் விதியைச் சுற்றி வைத்திருந்தால், ஆழமான பிழை கிடைக்கும், ஆனால் தாண்டுதல் விதியின் தலையிலிருந்தே தொடங்கும். அந்தத் தலையில் இருக்கும் சொல் "விதி". அடுத்த "விதி"யைத் தேடுகிறவர் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஓர் அங்குலம் நகராமல் சுற்றிக்கொண்டே இருந்தது, நினைவகம் தீரும்வரை.

13 ஜூன்

பொருள் பிழைகள். "31-02-2024" எழுத்து முறையில் சரி, தேதியாகத் தப்பு. படித்து முடித்துச் சோதித்துத் தோற்கடித்தால் பிழை தேதிக்குப் பிந்திய இடத்தில் விழும், சில நேரம் அடுத்த வரியில். படிக்கும் முன் ஆஃப்செட்டை (உள்ளீட்டில் இப்போது நிற்கும் இடத்தை) குறித்துக்கொண்டு, தோற்கும் முன் அதற்குத் திரும்புங்கள். இரண்டு வரி நிரல்.

15 ஜூன்

கடனாக வைத்த பாதி.

உங்கள் அலுவலகத்தில் சொன்னவர்கள் காற்றில் பேசவில்லை. ஜிசிசி தொகுப்பி தன் சி++ பார்சரை 2004இல் வந்த 3.4 பதிப்பிலும், சி பார்சரை 2006இல் வந்த 4.1 பதிப்பிலும் கையெழுத்துப் பார்சருக்கு (கையால் எழுதியதற்கு) மாற்றியது. கோ மொழித் தொகுப்பி 2016இல் 1.6 பதிப்பில் "யாக்" என்ற பார்சர் உருவாக்கியை விட்டது. கிளாங் என்ற சி தொகுப்பி முதலிலிருந்தே கையெழுத்து. கையால் எழுதும்போது "இந்த இடத்தில் இவர் அரைப்புள்ளியை மறந்திருப்பார்" என்று ஒரு நிபந்தனை செருகுவது சுலபம்.

ஆனால் அவர்கள் விட்டுவந்தவை, இலக்கணத்தைக் கொடுத்தால் தானே அட்டவணை கட்டிப் பார்சர் எழுதித் தரும் உருவாக்கிகள். காம்பினேட்டர் என்பது அடிப்படையில் கையெழுத்துப் பார்சரேதான், சாதாரணச் சார்புகள்தான். அதே நிபந்தனையை நீங்களும் செருகலாம். நான் செருகியிருக்கிறேன்: நிபந்தனை முடிந்து "எனில்" இல்லாமல் நேரே ஒரு பெயரும் சமக்குறியும் வந்தால், அதை வேண்டுமென்றே படிக்கும் ஒரு கிளை. படித்துவிட்டுத் தன் சொந்தச் செய்தியோடு தோற்கும். தவறுக்கென்றே ஓர் இலக்கண விதி. கணினி அறிஞர் பிலிப் வாட்லர் 1985இல் தோல்விக்குப் பதில் வெற்றிகளின் பட்டியல் என்று காட்டியபோது தோல்வி என்பது வெற்றுப் பட்டியல். அழகான எண்ணம், ஆனால் வெற்றுப் பட்டியலில் ஒரு வாக்கியம் எழுத இடமில்லை. பிறகு வந்தவர்கள் பல வருடம் உழைத்ததெல்லாம் அந்த இடத்தை உண்டாக்கத்தான்.

கையெழுத்துப் பார்சர் ஜெயிக்கும் இடம் என்று நான் உண்மையாக ஒப்புவது, நிரல் எழுதும் எடிட்டர் செயலியில் ஒவ்வொரு விசைக்கும் அரைகுறை நிரலைத் திரும்பப் படிப்பது. அதற்கு நான் காம்பினேட்டர் எடுக்கமாட்டேன்.

19 ஜூன்

ட்ரையை எல்லாம் எடுத்தீர்கள், மூன்று கோப்பு உடைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒட்டியதைப் பார்த்தேன். "விடுமுறை" என்ற சொல்லைத் தின்றதும் விடுமுறை அறிவிப்பு என்று முடிவுகட்டுகிறீர்கள், ஆனால் "விடுமுறைப்படி = 200" என்று மாறிப்பெயரும் அதே எழுத்துகளில் தொடங்குகிறது. இங்கே ட்ரை வேண்டும். ஆனால் முன்சொல்லைச் சுற்றி மட்டும்: சொல்லைப் படி, அடுத்து பெயரில் வரக்கூடிய எழுத்து வராமல் இருக்க வேண்டும், இந்த இரண்டையும் சேர்த்து ஒரு ட்ரை. அதற்கு வெளியே வந்ததும் ஒப்புக்கொண்டாயிற்று.

3ஆம் தேதி நான் "எல்லாவற்றையும் எடுங்கள்" என்று சொன்னதில் இந்த விவரம் இல்லை, அது என் பிழை. ஒப்புக்கொள்வது ஒரு சொல் சீக்கிரமானால் நல்ல கோப்பு உடையும், ஒரு சொல் தாமதமானால் செய்தி உடையும். நல்ல கோப்பு உடைவது அன்றே தெரிந்துவிடும். செய்தி உடைவது யாராவது போன் செய்யும்போதுதான் தெரியும்.

24 ஜூன்

சோதனை எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்டவருக்கு. "தவறானவை" என்று ஒரு கோப்புறை. ஒவ்வொரு போனும் அதில் ஒரு கோப்பு. பக்கத்தில் அதே பெயரில் எதிர்பார்க்கும் செய்தி, எழுத்துக்கு எழுத்து. இப்போது 61 ஜோடி. இலக்கணத்தில் கைவைத்தால் முதலில் அதை ஓட்டுகிறேன். எந்தச் செய்தி மாறியது என்று வாசித்துப் பார்த்து, சத்தமாக வாசித்து, போனில் சொன்னால் புரியுமா என்று பார்த்துத்தான் ஏற்கிறேன்.

முதல் ஜோடி அந்த மாதக் கடைசிக் கோப்பு. இன்று அதற்கு வருவது:

வரி 62: "இரவுப்படி" விதியில் "ஷிஃப்ட் = 3" என்பதற்குப் பிறகு "எனில்" விட்டுப்போயிருக்கிறது. மற்ற விதிகள் சரியாக உள்ளன, எதையும் அழிக்க வேண்டாம்.

கடைசி மூன்று சொல் எல்லாப் பிழைக்கும் தேவையில்லை என்று குழுவில் இளையவர் ஒருவர் எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.